ஃபார்மட் செய்வதற்கு முன்: ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. அதனால் பல வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள்கூட ஒரு முடிவுக்காகக் காத்திருக்கின்றன. டிபிஎம் 2.0 சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் உள்ள ப்ராசசர் ஆகியவை இருந்தால் விண்டோஸ் 11 போடலாம். இல்லையென்றால் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இருக்கின்றன. எந்தப் பக்கம் போனாலும், புதிதாகச் சுத்தமாக நிறுவுவது என்று தீர்மானித்துவிட்டால், அந்த ஹார்ட் டிஸ்கில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நிறுவுவது பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. அதற்கு முன்னால் ஃபைல்களை வீட்டிலுள்ள இன்னொரு கணினிக்குக் கொண்டுபோவதற்கு ஒரு வார இறுதி முழுவதையும் ஒதுக்குங்கள். சர்வீஸ் கடையில் கொடுத்தால் "டேட்டா பேக்கப் வேணுமா?" என்று கேட்பார்கள். வேண்டும் என்றால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றை எடுத்து வைப்பார்கள். அதற்கு மேல் அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. உங்கள் வீட்டுக் கணினியில் எது எங்கே இருக்கிறது, எது போனால் திரும்பக் கிடைக்காது என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனவே இந்த வேலையை நீங்களே செய்யுங்கள்.

டி டிரைவில் இருந்தால் பத்திரமா?

"முக்கியமானதெல்லாம் டி டிரைவுல இருக்கு, சி-யை மட்டும் ஃபார்மட் போட்டா போதும்" என்பது நம்மிடம் வெகுகாலமாக ஊறிப்போன நம்பிக்கை. சியும் டியும் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். விண்டோஸ் நிறுவும் திரையில் சி, டி என்ற எழுத்துகளும் தெரியாது. டிரைவ் 0, பார்ட்டிஷன் 2, பார்ட்டிஷன் 3 என்றுதான் வரும். அளவைப் பார்த்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அங்கே விரல் ஒரு வரி தள்ளிப் பட்டால் மீட்பது கடினம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய கணினிகள் பலவற்றில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் 11-க்காகக் கணினி தொடங்கும் விதத்தை யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்றியபின், நிறுவும் நிரல் அந்த டிஸ்கை ஏற்க மறுக்கும். ஜிபிடி முறைக்கு மாற்றச் சொல்லும். மாற்றுவதற்குப் பலரும் பின்பற்றும் சுருக்கு வழி, எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. அப்போது டி டிரைவும் சேர்ந்து போகும். ஆகவே டி டிரைவையும் காப்பி எடுக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

எவையெல்லாம் எங்கே இருக்கின்றன

காப்பி செய்வதைவிடத் தேடுவதுதான் பெரிய வேலை. சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்தால், கணினியில் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருக்கும். உங்களுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு, மகள் பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கை மறந்துவிடாதீர்கள். பப்ளிக் என்று ஒரு ஃபோல்டரும் அங்கே இருக்கும். டேலி பிரைம் பொதுவாகத் தன் தரவை அதற்குள்தான் வைக்கிறது. பழைய டேலி ஈஆர்பி 9 நேராக சி டிரைவில் தன் பெயரிலான ஃபோல்டரில் வைத்திருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் இருக்கும். வீட்டிலிருந்து சிறு கடைக் கணக்கு பார்ப்பவர்களுக்கு அந்த எண் ஃபோல்டர்கள்தான் உயிர்நாடி. சரியான பாதை எது என்பதை டேலியின் கம்பெனி தேர்வுத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பெயர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்று ஒன்று மறைந்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸ் என்பதை டிக் செய்தால் கண்ணுக்குத் தெரியும். தண்டர்பேர்டில் மெயில் பார்ப்பவர்களின் மொத்தக் கடிதப் போக்குவரத்தும் அதற்குள் புரொஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கிறது. ஐட்யூன்ஸ் வழியாக ஐஃபோனை பேக்கப் எடுத்தவர்களின் பேக்கப்பும் ஆப்டேட்டாவுக்குள்ளேயே பல ஜிபி அளவில் இருக்கக்கூடும். ஸ்டிக்கி நோட்ஸில் கேஸ் நுகர்வோர் எண்ணையும் இன்ஷூரன்ஸ் பாலிசி எண்ணையும் எழுதி வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவற்றைத் தேடிக் காப்பி செய்வதைவிட ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டிச் சேமிப்பது எளிது. அவுட்லுக் பயன்படுத்தினால் பிஎஸ்டி என்ற வால் கொண்ட ஃபைலைத் தேடுங்கள். பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் கிடைக்கும். அவுட்லுக்கை மூடிய பிறகே அதைக் காப்பி செய்ய வேண்டும்.

ஒன்டிரைவில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஃபைலின் பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் தெரிந்தால் அந்த ஃபைல் உங்கள் டிஸ்கில் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. ரைட் கிளிக் செய்து, இந்தக் கணினியிலேயே எப்போதும் வைத்திரு என்று பொருள்படும் தேர்வைக் கொடுங்கள். மேகம் போய்ப் பச்சை டிக் வந்த பிறகு காப்பி செய்யுங்கள்.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை, அதன் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து மீட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அவை அந்த விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை; வேறொரு நிறுவலில் திறக்காது. கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எடுக்கும் ஃபைலில் எல்லா பாஸ்வேர்டுகளும் பூட்டில்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும் என்பதால், வேலை முடிந்ததும் அதை எல்லா இடங்களிலிருந்தும் அழித்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது விட்டிருக்கும். வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் டிஸ்கில் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதை வண்ணக் கட்டங்களாகக் காட்டும். கல்யாண வீடியோவை சி டிரைவின் வாசலிலேயே நியூ ஃபோல்டர் என்ற பெயரில் போட்டு வைத்திருந்தால் அது இங்கே பெரிய கட்டமாகத் தெரிந்துவிடும். சிறிய ஃபைல்களை அது காட்டிக்கொடுக்காது. அவற்றுக்கு நினைவாற்றலைத்தான் நம்ப வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரையும் ஒருமுறை உட்கார வைத்துக் கேளுங்கள்.

தமிழ் எழுத்துருக்களைத் தனியாக எடுத்து வையுங்கள்

பொதுவான வழிகாட்டிகளில் இது இருக்காது. தமிழ் வீடுகளில் இதை விட்டால் இழப்பு பெரிது.

யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் தமிழ் தட்டச்சு பாமினி, டாம், டாப், வானவில், ஸ்ரீலிபி என்று பல எழுத்துரு முறைகளில் நடந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் முறைகளைத் தரமாக்கியது. 2010-இல்தான் யூனிகோடுக்கு மாறியது. பாமினி இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடையிலும் மிகப் பரவலாக இருந்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இந்த வகை ஃபைல்களுக்குள் உண்மையில் தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள்தான் இருக்கின்றன. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் பக்கம் முழுவதும் பொருளில்லாத ஆங்கிலக் கிறுக்கல்தான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் ஊரின் கோயில் திருவிழா முறைகளையும் குடும்ப வரலாற்றையும் பல ஆண்டுகள் பாமினியில் தட்டி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அக்கறையோடு வேர்ட் ஃபைல்கள் அத்தனையையும் புது லேப்டாப்புக்கு மாற்றுகிறார்கள். திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அதில் ஒரு பைட்கூடக் கெட்டிருக்காது. பழைய கணினியின் எழுத்துரு ஃபோல்டரிலிருந்து ஒரு சிறிய ஃபைலை எடுத்து வந்திருந்தால் போதும்.

ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து, தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் தனி ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். பெயரைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாவிட்டால் ஃபோல்டர் முழுவதையுமே எடுங்கள். இடம் பெரிதாகப் பிடிக்காது. விண்டோஸ் 10-இன் 2018 இறுதிப் பதிப்பிலிருந்து, அட்மின் உரிமை இல்லாமல் நிறுவும் எழுத்துருக்கள் அங்கே போகாமல் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற பாதையில் போய் உட்காருகின்றன. அங்கேயும் பாருங்கள். லதா எழுத்துருவில் அமைத்த ஃபைல்கள் உங்களிடம் இருந்தால் கவலை வேண்டாம், அது யூனிகோடு. புது விண்டோஸில் நிர்மலா எழுத்துருவில் திறந்து பக்க அமைப்பு சற்றுக் கலையலாம். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழுக்கான துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் லதா திரும்பக் கிடைக்கும்.

இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்வேன். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே, முக்கியமான பாமினி, டாப் ஃபைல்களைத் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். பிடிஎஃப் எழுத்துருவையும் தனக்குள் பொதிந்துகொள்ளும், அதனால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். பேஜ்மேக்கரில் வடிவமைத்த மலர்கள், அழைப்பிதழ்கள் இருந்தால் இது கட்டாயம். அந்த மென்பொருளைப் புதுக் கணினியில் ஓட வைப்பதே பாடு. யூனிகோடுக்கு மாற்றும் வேலையை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவற்றைக் கொண்டு பிறகு ஆற அமரச் செய்துகொள்ளலாம்.

எந்த வழியில் கொண்டுபோவது

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள் என்பது என் உறுதியான கருத்து. பழைய கணினியிலிருந்து அதில் காப்பி, அதிலிருந்து இரண்டாவது கணினியில் காப்பி. டிஸ்கிலும் ஒன்று தங்கிவிடுவதால் ஃபார்மட் செய்யும் நேரத்தில் உங்களிடம் இரண்டு பிரதிகள் இருக்கும். நெட்வொர்க் வழியாக மாற்றினால் ஒன்றுதான் இருக்கும்.

வேகக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 200 ஜிபி மாற்ற வேண்டும் என்றால், யுஎஸ்பி 3 போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒரு மணி நேரத்துக்கு முன்பின் ஆக்கும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் இரண்டு மணி நேரம். கிகாபிட் லேன் கேபிள் வழியாக அரை மணி நேரத்தில்கூட முடியலாம். ஆனால் இணைப்பு 100 எம்பிபிஎஸ் ஆக இருந்தால் விநாடிக்கு சுமார் 11 எம்பிதான் போகும், ஐந்து மணி நேரம் பிடிக்கும். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரவு முழுவதும் ஓட விட வேண்டியிருக்கும். இதெல்லாம் பெரிய ஃபைல்களுக்கான கணக்கு; ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் இருந்தால் நேரம் இரண்டு மூன்று மடங்காகலாம். யுஎஸ்பி போர்ட்டின் உள்ளே நீல நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அது யுஎஸ்பி 3. டெஸ்க்டாப்பில் முன்பக்கப் போர்ட்கள் பழையவையாகவும் பின்பக்கம் நீல நிறத்திலும் இருப்பது சகஜம். குனிந்து பின்னால் செருகினால் ஒரு மணி நேரம் மிச்சம்.

பென் டிரைவோ டிஸ்கோ ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. இடம் ஏராளமாக இருந்தும் இடம் போதாது என்பதுபோலச் செய்தி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். டிஸ்கில் வேறெதுவும் இல்லாதபோது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் திறக்கும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் இல்லாத வீடுகளுக்கு நெட்வொர்க். இதில் பலரும் தடுக்கி விழும் இடம், பழைய கணினியின் ஃபோல்டர்களை ஷேர் செய்து புதியதிலிருந்து இழுக்கப் பார்ப்பது. அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறுக்கும். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். வாங்கிக்கொள்ளப்போகும் கணினியில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி அதை மட்டும் ஷேர் செய்து, பழைய கணினியில் உங்கள் கணக்கில் அமர்ந்துகொண்டு அதற்குள் தள்ளுங்கள். உங்கள் ஃபைல்களை நீங்களே படிக்கிறீர்கள் என்பதால் அனுமதிச் சிக்கல் எழாது.

வாங்கும் கணினியில் செய்ய வேண்டியவை: முதலில் பாஸ்வேர்டுடன் ஒரு புது லோக்கல் கணக்கு, பெயர் ஆங்கில எழுத்தில் சிறியதாக இருக்கட்டும். பின் நம்பர் போட்டு உள்ளே நுழைகிறவர்கள் அதே எண்ணை நெட்வொர்க்கிலும் கொடுத்துப் பார்ப்பார்கள்; அது அந்தக் கணினிக்கு மட்டும் உரியது, நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. அதற்காகத்தான் இந்தத் தனிக் கணக்கு. அடுத்து செட்டிங்ஸில் வீட்டு நெட்வொர்க்கை பிரைவேட் என்று மாற்றி, நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். காலி ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் டேப், ஷேர் பட்டன். புதுக் கணக்கைச் சேர்த்து ரீட்/ரைட் என்று கொடுங்கள். பழைய கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, வாங்கும் கணினியின் பெயரை அடித்து என்டர் தட்டினால் கணக்கும் பாஸ்வேர்டும் கேட்கும். பெயர் வேலை செய்யவில்லையென்றால் அந்தக் கணினியின் ஐபி முகவரியை அடியுங்கள். எல்லாம் முடிந்ததும் ஷேரை நீக்கி, அந்தக் கணக்கையும் அழித்துவிடுங்கள்.

இரண்டு கணினிகளையும் இணைய மோடத்தின் லேன் போர்ட்களில் கேபிள் போட்டு இணையுங்கள். செட்டிங்ஸில் இணைப்பின் வேகம் 1000 என்று காட்டுகிறதா, 100 என்றா என்று பாருங்கள். சில மோடங்களில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட். மற்றவை 100 மட்டுமே. கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் கிகாபிட் கிடைக்காது, 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பழைய கணினியில் எக்ஸ்பி இருந்தால் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம். அதற்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய முறை மட்டும்தான். 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகள் உட்படப் பல இடங்களை முடக்கிய வானாக்ரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். புது விண்டோஸில் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது, அப்படியே இருக்கட்டும். எக்ஸ்பிக்கு யுஎஸ்பிதான்.

காப்பி செய்யும்போது

கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும். பாதியில் கரண்ட் போனால் கட் செய்தது எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று தேடித் திண்டாட வேண்டியிருக்கும். இரண்டு கணினிகளிலும் ஸ்லீப் போகாதபடி பவர் செட்டிங்ஸை மாற்றுங்கள். டெஸ்க்டாப் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். மொத்தத்தையும் ஒரே இழுப்பில் இழுக்காமல் ஃபோல்டர் ஃபோல்டராகப் போங்கள்; முடிந்ததை ஒரு தாளில் டிக் அடித்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் செருகிய கணினி என்றால் முதலில் ஒரு முழு வைரஸ் ஸ்கேன் நடத்துங்கள். பழைய செட்டப் ஃபைல்களை மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம், அவற்றைப் புதிதாக டவுன்லோட் செய்வதே பாதுகாப்பு.

பெயர் நீளமாக இருக்கிறது என்று சில ஃபைல்கள் மறுக்கப்படும். டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் வரை பாதை முழுவதற்கும் விண்டோஸில் வழக்கமான வரம்பு 260 குறிகள். தமிழில் பெயர் வைத்தால் இந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடும். 'கி' நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு இரண்டு குறிகள். 'ஸ்ரீ' நான்கு. திருமண ஃபோட்டோ ஃபோல்டருக்குள் ஊர்ப் பெயர், அதற்குள் நிகழ்ச்சிப் பெயர், அதற்குள் நீண்ட ஃபைல் பெயர் என்று போனால் முட்டிக்கொள்ளும். மேலுள்ள ஃபோல்டர் ஒன்றின் பெயரைச் சுருக்கினால் வழி பிறக்கும். இப்படி வரும் செய்திகளில் ஸ்கிப் பட்டனை அழுத்திவிட்டு மறந்துபோவதால்தான் ஃபைல்கள் தொலைகின்றன. ஸ்கிப் அழுத்தினால் அதை அதே தாளில் எழுதுங்கள்.

சரிபார்ப்பு

காப்பி பெட்டி மறைந்தது வேலை முடிந்ததற்கு அடையாளம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சைஸ் என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பைட் எண்ணிக்கையும், எத்தனை ஃபைல், எத்தனை ஃபோல்டர் என்ற வரியும் ஒத்துப்போக வேண்டும். சைஸ் ஆன் டிஸ்க் என்ற வரியை விட்டுவிடுங்கள், அது டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும். இந்தப் பக்கம் 48,312 ஃபைல், அந்தப் பக்கம் 48,309 என்றால் மூன்று விடுபட்டிருக்கின்றன. உள்ளே இறங்கி ஒவ்வொரு துணை ஃபோல்டரையும் ஒப்பிட்டால் எது குறைகிறது என்று சில நிமிடங்களில் அகப்படும். பல சமயம் அது விண்டோஸ் தனக்காக வைத்துக்கொள்ளும் மறைந்த ஃபைலாக இருக்கும். ஆனால் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல வேண்டும்.

இழக்கவே முடியாதவை என்று சிலவற்றைக் கருதுவீர்கள். அவற்றுக்கு 7-ஜிப் மென்பொருளில் ரைட் கிளிக் மெனுவிலிருந்து எஸ்எச்ஏ-256 கணக்கிட்டு இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். ஃபோல்டர் முழுவதற்கும் அது ஒரே கூட்டுத்தொகையாகத் தரும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது.

பிறகு திறந்து பாருங்கள். ஒவ்வொரு வகையிலும் சில: பழைய ஃபோட்டோ, வீடியோவின் நடுப்பகுதி, எக்செல், டேலி கம்பெனி, பாமினி ஃபைல். ஃபோட்டோக்களின் உருவாக்கிய தேதி இன்றைய தேதியாகக் காட்டினால் பதற வேண்டாம். காப்பி செய்தால் அப்படித்தான். கேமரா எழுதி வைத்த எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பத்திரமாக இருக்கும்.

இதற்குப் பிறகும் உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். பழைய கணினியை ஆஃப் செய்து, பவர் கேபிளையும் கழற்றி வைத்துவிட்டு, மூன்று நான்கு நாள் இரண்டாவது கணினியில் மட்டும் வாழ்ந்து பாருங்கள். மின் கட்டணம் கட்டுங்கள், மெயில் பாருங்கள், கணக்கு எழுதுங்கள், பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யட்டும். "அந்த ஃபைல் எங்கே?" என்று யாராவது கேட்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் பட்டியலில் விடுபட்ட ஒன்று வெளியே வருகிறது. பழைய கணினியை ஆன் செய்து அதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சரிபார்ப்புக் கருவியும் இதற்கு ஈடாகாது, ஏனென்றால் கருவிகள் காப்பி செய்ததைத்தான் சோதிக்கும்; நீங்கள் தேடவே மறந்ததை அவற்றால் சொல்ல முடியாது.

ஃபைல் அல்லாதவை

டேலி லைசென்ஸை அந்தக் கணினியிலிருந்து சரண்டர் செய்துவிட்டுத்தான் ஃபார்மட் செய்ய வேண்டும். விண்டோஸ் 10, 11-க்கு டிஜிட்டல் லைசென்ஸ் அதே வன்பொருளோடு பிணைந்திருப்பதால், அதே கணினியில் திரும்ப நிறுவக் கீ பெரும்பாலும் தேவைப்படாது. ஆக்டிவேஷன் பக்கத்தில் அப்படிச் சொல்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய பழைய ஆஃபீஸ் என்றால் கீ அச்சடித்த அட்டையைத் தேடி எடுங்கள். டிஜிட்டல் கையொப்பம் யுஎஸ்பி டோக்கனில் இருந்தால் அது அதிலேயே இருக்கும். டிரைவர் மட்டும் திரும்பப் போட வேண்டும். வைஃபை, லேன் டிரைவர்களை ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள், நிறுவி முடித்த பிறகு இணையம் வராவிட்டால் அதுதான் கைகொடுக்கும். டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாமே பூட்டாவிட்டாலும் பல புது லேப்டாப்கள் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ சேமிக்கப்பட்டிருக்கும்.

கணினி ஆன் ஆகவே மறுத்தால்

விண்டோஸ் எழும்பவில்லை என்பதற்காக ஃபைல்கள் போய்விட்டன என்று பொருளில்லை. இன்னொரு கணினியில் உபுண்டு பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து, பழுதான கணினியை அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமலேயே முயன்று பார்க்கும் தேர்வைக் கொடுத்தால் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். விண்டோஸ் அரைத் தூக்கத்தில் நின்றிருந்தால் டிஸ்க் படிக்க மட்டும் திறக்கும். காப்பி எடுக்க அது போதும். இல்லாவிட்டால் டிஸ்கைக் கழற்றி, சாட்டா-யுஎஸ்பி கேபிள் கொண்டு மற்றக் கணினியில் செருகலாம். சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, எந்த ஊர்க் கணினிக் கடையிலும் இந்தக் கேபிள் கிடைக்கிறது.

டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் நிலைமை வேறு. உடனே நிறுத்துங்கள். டிஸ்கைச் சரிசெய்யும் கருவி எதையும் ஓட்டாதீர்கள், அது மிச்சமிருக்கும் ஆயுளையும் தின்றுவிடும். அடுத்த முறை ஆன் செய்யும்போது, போனால் திரும்பாததை முதலில் எடுங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில். குடும்பத்தின் ஒரே பிரதி அதில் இருக்கிறது என்றால் நீங்கள் முயலாமல் தரவு மீட்பு நிபுணரிடம் கொண்டுபோங்கள்.

முடிந்தால் பழைய டிஸ்கை ஃபார்மட் செய்யாமலே விடுங்கள். ஒரு புது எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸையோ லினக்ஸையோ நிறுவிவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, தேதி எழுதிய உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம். ஹார்ட் டிஸ்கில் ஓடிய பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போட்டால் வேகமும் நன்றாகவே கூடும். ஒரே செலவில் இரண்டு பயன்.

அப்படியில்லாமல் அதே டிஸ்கில்தான் நிறுவுகிறீர்கள் என்றால், நிறுவும் பென் டிரைவைத் தவிர எக்ஸ்டர்னல் டிஸ்க், மெமரி கார்டு, இரண்டாவது ஹார்ட் டிஸ்க் எதுவும் கணினியோடு இணைந்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நிறுவத் தொடங்குங்கள். பார்ட்டிஷன் பட்டியலில் அப்போது ஒரே ஒரு டிஸ்க்தான் தெரியும்.